மதகடிப்பட்டு செல்போன் கடைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்



2025 பிப்ரவரி 15ஆம் தேதி மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்காமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களுடைய இணைய இதழான விகடன் பிளஸ் அட்டையில் பிப்ரவரி 10ஆம் தேதி வந்த கார்ட்டூன்தான் காரணம். டிரம்புக்குப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கு பூட்டப்பட்டு உட்கார்ந்திருப்பதுபோல் வரைந்திருந்தார்கள். பா.ஜ.க. தரப்பிலிருந்து புகார் போனது, தளம் முடங்கியது. ஏன் திறக்கவில்லை என்று வாசகருக்கு ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பரத சக்கரவர்த்தி, அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டு மற்றதைத் திறந்துவிடச் சொன்ன பிறகுதான் அந்தப் பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்தது.

இடைப்பட்ட நாட்களில் உங்கள் கடைகளில் நடந்ததை நானும் பார்த்தேன். “ணா, விகடன் ஓப்பன் ஆவ மாட்டேங்குது, ஏதாச்சும் பண்ணிக் குடுங்க” என்று போனை நீட்டுவார்கள். நீங்கள் வாங்கி, பிளே ஸ்டோரில் விபிஎன் என்று அடித்து, முதலில் வந்த இலவச ஆப்பை இறக்கி, அது கேட்டதற்கெல்லாம் ‘அலோ’ கொடுத்து, ‘கனெக்டட்’ என்று வந்ததும் திருப்பிக் கொடுத்தீர்கள். பல பேரிடம் காசுகூட வாங்கவில்லை. மூடப்பட்ட பத்திரிகையைப் படிக்க ஒருவருக்கு உதவியது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அந்த மனிதருக்காக நீங்கள் ஒரு பெரிய முடிவை எடுத்தீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ட்ரங்க் கால் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். அவர் நினைத்தால் நடுவில் இருந்து பேச்சைக் கேட்கலாம். நல்லவர் கேட்க மாட்டார். கேட்காமல் இருப்பது அவருடைய குணம், அதற்கு நம்மிடம் எந்தப் பூட்டும் கிடையாது. விபிஎன் போடும்போது அந்த ஆபரேட்டரை மாற்றுகிறோம். அதுவரை ஜியோவோ ஏர்டெல்லோ பிஎஸ்என்எல்லோ, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. விபிஎன் போட்டதும் அவர்களுக்கு ஒரு மூடிய குழாய் மட்டும்தான் தெரியும். குழாயின் மறு முனையில் இருக்கிற கம்பெனிக்கு எல்லாத் தளங்களின் பெயரும், எத்தனை மணிக்குப் போனோம், எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதும் தெரியும். முகவரி https என்று தொடங்கும் தளங்களில் நாம் தட்டச்சு செய்வதும் படிக்கும் பக்கமும் இரண்டு பேருக்கும் தெரியாது. அது விபிஎன் கொடுக்கும் பாதுகாப்பு அல்ல, விபிஎன் இல்லாதபோதும் இருப்பது.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: மறு முனையில் இருப்பவர் யார்?

இதற்கு அந்த ஆப்பின் விளம்பரத்தில் பதில் கிடைக்காது. ‘நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை’ என்று எல்லோரும்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். பியூர் விபிஎன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2017இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் துன்புறுத்திய ஆளை எஃப்.பி.ஐ. பிடித்தபோது, அதற்கு உதவியது பியூர் விபிஎன் கொடுத்த இணைப்பு விவரங்கள்தான் என்பது நீதிமன்ற ஆவணத்தில் வெளிவந்தது. அந்த ஆள் பிடிபட்டது நியாயம். ஆனால் எதையும் வைப்பதில்லை என்று சொன்ன இடத்தில் எடுத்துக் கொடுக்க ஏதோ இருந்திருக்கிறது. ஹாங்காங்கின் யுஎஃப்ஓ விபிஎன் கதை இதைவிட மோசம். பதிவே இல்லை என்று சொன்ன அந்த நிறுவனத்தின் சர்வர் பூட்டில்லாமல் திறந்து கிடந்ததை 2020 ஜூலையில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பயனர்களின் ஐபி முகவரி முதல் கடவுச்சொல் வரை உள்ளே இருந்தது. வேறு வேறு பெயரில் ஸ்டோரில் இருந்த ஏழு விபிஎன்களுக்குப் பின்னால் ஒரே ஆட்கள்தான் என்றும் தெரிந்தது.

ஓனாவோ என்ற விபிஎன்னையும் மறக்கக் கூடாது. அதை நடத்திய இஸ்ரேல் நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. ‘உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்’ என்று சொல்லி ஆட்களை இறக்க வைத்தார்கள். மக்கள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, அதைத் தங்கள் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். 2018இல் ஆப்பிள் அதைத் தன் ஸ்டோரிலிருந்து நீக்கச் செய்தது. இதற்காக 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. விபிஎன் சர்வர் நடத்தக் காசு வேண்டும். இறக்கியவர் கொடுக்கவில்லை என்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள், அவர்களுக்கு எதுவோ போகிறது. ஒரு ஆப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த ‘யாரோ’வைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

2016இல் ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ ஆட்கள் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீத ஆப்களில் தீய நிரலின் அடையாளம் இருந்தது. 75 சதவீதத்தில் விளம்பரக் கம்பெனிகளின் கண்காணிப்பு நிரல்கள். 18 சதவீதம் எதையும் மறைக்குறியாக்கவே இல்லை. பழைய ஆய்வுதான், ஆனால் அதில் ஒரு விவரம் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். 84 சதவீத ஆப்கள் ஐபிவி6 போக்குவரத்தைக் குழாய்க்குள் கொண்டுபோகவில்லை. ஜியோ நெட்வொர்க் பெரும்பாலும் ஐபிவி6இல்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட ஆப்பை ஜியோ சிம் போட்ட போனில் வைத்தால், ‘கனெக்டட்’ என்று காட்டிக்கொண்டே பாதிப் போக்குவரத்து குழாய்க்கு வெளியே போகும். எந்த ஆப் போட்டாலும், போட்ட பிறகு பிரவுசரில் ‘என் ஐபி முகவரி என்ன’ என்று பார்த்து, ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

சென்ற ஆண்டு திருபுவனை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் போனைக் கொண்டுவந்தார். பணம் அனுப்பும் ஆப் வேலை செய்யவில்லை, “சார், பேங்க்ல போயி கேக்கணுமா?” என்றார். திரையின் மேல் ஓரத்தில், பேட்டரிக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு சாவிப் படம் இருந்தது. விபிஎன் ஓடுகிறது என்பதற்கு ஆண்ட்ராய்டு காட்டும் அடையாளம் அது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, எப்போதோ யாரோ போட்டுக் கொடுத்தது. செட்டிங்ஸில் அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். எஸ்எம்எஸ், கான்டாக்ட்ஸ், லொகேஷன் மூன்றும் கொடுக்கப்பட்டிருந்தன. ஓடிபி வந்து விழுகிற எஸ்எம்எஸ் பெட்டி ஒரு விபிஎன்னுக்கு எதற்கு? எந்த வேலைக்கும் தேவையில்லை. கேட்கிறது என்றாலே அது வேறு வேலைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆப்பைத் தூக்கியதும் பணம் போனது. அதற்கு முன் அந்தக் குழாய் வழியாக என்னவெல்லாம் போயிருக்கும் என்று அந்தப் பெண் கேட்டார். பதில் சொல்ல என்னால் முடியவில்லை, யாராலும் முடியாது.

இந்திய அரசின் நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். விபிஎன் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்களில் ஆட்சியர்கள் தனியாக ஆணை போட்டுத் தடுத்ததுண்டு. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி சிஇஆர்டி-இன் என்ற மத்திய அரசு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கொடுக்கப்பட்ட ஐபி முகவரி, எதற்காகச் சேர்ந்தார் என்பது வரை 5 ஆண்டுகள் பதிந்து வைக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டு விபிஎன், புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு வெளியேறின. சில நிறுவனங்கள் வெளிநாட்டில் சர்வர் வைத்து இந்திய ஐபி முகவரி கொடுக்கின்றன. இதில் உங்களுக்கு ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. ஒரு நிறுவனம் இந்தியாவுக்குள்ளேயே சர்வர் வைத்திருக்கிறேன், ஆனால் எந்தப் பதிவும் கிடையாது என்று சொன்னால், ஒன்று உத்தரவை மீறுகிறது, இல்லாவிட்டால் நம்மிடம் பொய் சொல்கிறது. இரண்டுமே நம்பி ஏற வேண்டிய வண்டி அல்ல.

‘சிறந்த 10 விபிஎன்’ என்று வரும் பட்டியல்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக ஒரு தம்பி சொன்னார். அந்தப் பட்டியலைப் போடுவது யார் என்று பாருங்கள். கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் முன்பு கிராஸ்ரைடர் என்ற பெயரில் இருந்தது, பிரவுசரில் விளம்பரம் திணிக்கும் மென்பொருள்களோடு சம்பந்தப்பட்ட பெயர் அது. சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் இரண்டையும் வாங்கிய அதே நிறுவனம், 2021இல் எக்ஸ்பிரஸ் விபிஎன்னை 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில், விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் விபிஎன்மென்டர் தளத்தை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கியது. கடைக்காரரே நடுவராக உட்கார்ந்திருக்கும் பந்தயத்தின் முடிவை நான் ஏற்க மாட்டேன். யூடியூபில் ‘இந்த வீடியோவின் ஸ்பான்சர்’ என்று வரும் விபிஎன்னும் அதே கணக்குத்தான்.

சரி, எதை நம்புவது? நெருக்கடியில் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி ஸ்வீடன் போலீசார் சோதனை ஆணையோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் கோத்தன்பர்க் அலுவலகத்துக்குப் போனார்கள். வாடிக்கையாளர் தரவு உள்ள கணினிகளை எடுத்துப்போக வந்தவர்கள், அப்படித் தரவு எதுவும் இல்லை என்று தெரிந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அங்கே கணக்குத் தொடங்க மின்னஞ்சல்கூட வேண்டாம், ஓர் எண் மட்டும் கொடுப்பார்கள். உறையில் பணம் வைத்துத் தபாலில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறார்கள். பெயரே வாங்காதவரிடம் யார் போய்க் கேட்டாலும் பெயர் கிடைக்காது, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. துருக்கியில் ரஷ்யத் தூதர் கொலை விசாரணையில் எக்ஸ்பிரஸ் விபிஎன்னின் சர்வரைப் பறிமுதல் செய்தபோதும் உள்ளே பயனர் பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி 2017இல் வந்தது. ஆனால் அந்த நற்சான்று பழைய முதலாளி காலத்தியது. கை மாறிய பிறகு பழைய சான்றிதழை அப்படியே நம்ப முடியாது, புதிய தணிக்கை அறிக்கைகளைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்த அறிக்கைகளும் தணிக்கை நடந்த நாளுக்குத்தான் பேசும்.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு என் கருத்தில் புரோட்டான் விபிஎன்னின் இலவச வகை பரவாயில்லை. காசு கட்டுபவர்களின் பணத்தில் மற்றவர்களுக்கு இலவசமாக ஓடுகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள், ஆப்பின் நிரலையும் 2020 முதல் யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். செய்தி படிக்க மட்டும் என்றால் டோர் பிரவுசர் போதும். கொஞ்சம் மெதுவாக இருக்கும். ஆனால் மூன்று இடங்களில் கைமாறிப் போவதால், ஒருவர் கெட்டவராக இருந்தாலும் நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் சேர்ந்து அவர் ஒருவருக்கே தெரியாது. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்த சைஃபான் என்ற ஆப் தடையைத் தாண்டுவதில் கெட்டி, ஆளை மறைப்பது அதன் வேலையல்ல.

பல சமயம் இவ்வளவும் தேவைப்படாது. சில நெட்வொர்க்குகளில் தளத்தின் பெயரைக் கேட்கும்போது தவறான முகவரியைச் சொல்லித்தான் தடுக்கிறார்கள். செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ மாற்றினாலே திறந்துவிடும். ஜியோவில் அது போதாமல் போகலாம். அங்கே இணைப்பின் தொடக்கத்தில் வெளியே தெரியும் தளப் பெயரைப் படித்தே நிறுத்துகிறார்கள் என்று 2019இல் பெங்களூரு சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டியின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முதலில் சின்ன மருந்தைக் கொடுத்துப் பாருங்கள்.

விபிஎன்னால் ஆகாததையும் வருபவரிடம் சொல்லிவிடுங்கள். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தையே நிறுத்தினார்கள். இணைப்பே இல்லாதபோது எந்த விபிஎன்னும் ஒன்றும் செய்ய முடியாது. அதேபோல், விபிஎன் போட்டுக்கொண்டு சொந்த ஜிமெயிலிலும் ஃபேஸ்புக்கிலும் நுழைந்தால் அவர்களுக்கு ஆள் யார் என்பது தெரிந்தேதான் இருக்கும். போனையே பிடுங்கிப் பார்த்தாலும் விபிஎன் காப்பாற்றாது. காஷ்மீரில் 2020இல் பாதுகாப்புப் படையினர் போன்களை வாங்கி விபிஎன் ஆப் இருக்கிறதா என்று தேடியதை அங்குள்ள மக்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்ரீநகர் சைபர் போலீஸ், விபிஎன் வழியாகச் சமூக ஊடகத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான யுஏபிஏவின் பிரிவையும் சேர்த்து வழக்குப் போட்டது.

தடை வந்த அன்று ஓடிப்போய்த் தேடும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்த அன்றே ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் முடங்கின. டனல்பேர் என்ற விபிஎன்னையும் சேர்த்துத் தடுத்தார்கள். பெயர் பெற்ற சேவை தடைபட்டால் மக்கள் பெயர் தெரியாததைத் தேடிப் போவார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் தேதி போராட்டத்தின்போது மறுபடியும் தடுத்தபோது, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தான் விபிஎன்னில்தான் இருப்பதாகவும் இப்படிப்பட்ட தடையால் பயனே இல்லை என்றும் ட்வீட் போட்டார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அமைச்சரைப் போலவே எல்லோரும் ஒன்றை இறக்கினார்கள், யார் எதை இறக்கினார்கள் என்பதுதான் கவலை. ஈரானில் 20ஸ்பீட் விபிஎன் என்ற சேவையின் இன்ஸ்டாலருக்குள்ளேயே உளவு மென்பொருள் இருந்ததை பிட்டிஃபெண்டர் நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்டது. தட்டச்சு செய்வதைக்கூட அது எடுத்துக்கொண்டது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை எக்காரணம் கொண்டும் வாடிக்கையாளர் போனில் ஏற்றாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

தடையும் அதைத் தாண்டுவதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஒரு பக்கம் கண்டமங்கலம், மறு பக்கம் வளவனூர், இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா, நடுவில் நம் ஊர் பிரெஞ்சு நிலம் என்று இருந்த காலத்தில், 1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். சென்னையில் நடத்த முடியாமல் போன ‘இந்தியா’ பத்திரிகை இங்கே அச்சாகி எல்லை தாண்டிப் போனது. வாசகர்கள் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு உள்ளே வரவிடாமல் தடுத்ததும் 1910இல் பத்திரிகை நின்றது. புதுச்சேரியிலேயே பிரிட்டிஷ் தபால் நிலையம் ஒன்று இருந்தது, பாரதியாரைப் போல் இங்கே வந்து தங்கிய சுதேசிகளுக்கு வரும் கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்பட்டன. அவர்களில் ஒருவரான வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜதுரோகத் துண்டறிக்கைகள் அடங்கிய ஜாடியைப் போட்டு அவர்களை மாட்டிவிடப் பார்த்தார்கள். தடை போட்டவன் யார் என்பது அந்தச் சுதேசிகளுக்கு நன்றாகத் தெரியும். கடிதத்தை யார் கையில் கொடுத்து அனுப்புவது, வீட்டுக்கு வருபவரில் யாரை உள்ளே விடுவது என்பதுதான் அவர்களுடைய அன்றாடக் கவலையாக இருந்தது. அதே கவலைதான் இப்போது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. விகடன் படிக்க வந்தவர் உங்களைத்தான் நம்பினார், ஆப்பை அல்ல.

அதனால் ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை சந்தைக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது என்று தெரியும். மற்ற நாட்களில், சார்ஜர் மாற்றவோ ரீசார்ஜ் செய்யவோ வருபவர் போனில் அந்தச் சாவிப் படம் தெரிந்தால், அவரிடம் கேட்டுவிட்டு மூன்று இடத்தை மட்டும் பாருங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸில் விபிஎன் பட்டியல், ஆப் அனுமதிகளில் எஸ்எம்எஸ், செக்யூரிட்டிக்குள் பயனர் சேர்த்த சான்றிதழ்கள். கடைசியில் சொன்ன இடத்தில் ஏதாவது இருந்தால் அது பெரிய விஷயம். அதை வைத்து https பக்கங்களையும் திறந்து படிக்கலாம். அலுவலகம் கொடுத்த போனா என்று கேளுங்கள், இல்லை என்றால் நீக்கிவிடுங்கள். கலிதீர்த்தாள்குப்பம் கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள் உங்களிடம் பகுதி நேரமாக வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இந்த வேலையை ஒப்படைத்தாலும் போதும். என்ன போட்டோம், ஏன் போட்டோம் என்று வாடிக்கையாளரிடம் தமிழில் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஆப் பற்றியாவது சந்தேகம் வந்தால் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அந்தப் பக்கம் வரும்போது சேர்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் கடைகளுக்கு அடிக்கடி வரும்
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியன்
மதகடிப்பட்டு